அன்னாசிக்குப் பூட்டு: தைவான் பெற்ற அனுபவம்

சரக்கு முழுவதையும் ஒரே கைக்கு விற்றுவரும் வியாபாரியின் கஷ்டத்தை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தைவான் தீவின் அன்னாசி விவசாயிகள் அதை 2021இல் அனுபவித்தார்கள்.

தைவானைத் தன் பகுதி என்கிறது சீனா. தீவு மக்களோ தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றனர். 1996இல் அங்கே முதல் நேரடி அதிபர் தேர்தல் வந்தபோது, சீனா தீவின் துறைமுகங்களை ஒட்டிய கடலில் ஏவுகணைகளை வீசிப் பயமுறுத்தியது. பலிக்கவில்லை, சீனா வெறுத்த லீ டெங்-ஹுய்யே வென்றார்.

ஆயினும் வியாபாரம் வளர்ந்தது. 2010இல் வரிச்சலுகை ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. தைவானிலிருந்து ஏற்றுமதியான அன்னாசியில் 100க்கு 90க்கு மேல் சீனாவுக்கே போயிற்று. 2021 மார்ச் 1 முதல், பழத்தில் பூச்சி என்று கூறிச் சீனா கொள்முதலை நிறுத்தியது. அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே மூன்றே நாள்! பூச்சி ஒருபுறமிருக்க, இந்த அவசரத்தின் காரணம் வியாபாரிகளுக்குப் புரியாததல்ல.

அரசு உள்ளூர் மக்களை வாங்கச் சொன்னது; ஜப்பானும் முன்னைவிடப் பல மடங்கு வாங்கியது. அன்னாசி தப்பியது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் சீத்தாப்பழத்துக்கும், 2022 ஜூனில் களவா மீனுக்கும் தடை வந்தது. சீத்தாப்பழத்துக்கு 2023 ஜூனில் வழி திறந்தது, அதுவும் பதிவு பெற்ற தோட்டங்களுக்கு மட்டுமே.