உயர்நிலைப் பள்ளியில் புள்ளியியல்: கொல்கத்தா காட்டும் வழி

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சராசரி, இடைநிலை, முகடு ஆகியவற்றைக் கணக்கிடக் கற்கின்றனர். நாணயத்தையும் பகடையையும் கொண்டு நிகழ்தகவையும் பயில்கின்றனர். ஆயினும் இவ்விரு பகுதிகளுக்கும் உள்ள தொடர்பு பலருக்குப் புலப்படுவதில்லை. அத்தொடர்பு மாதிரி ஆய்வில் அடங்கியுள்ளது. பாடத்திட்டம் வகுப்போர் அதனையே மையமாகக் கொள்ளுதல் வேண்டும். இதற்குக் கொல்கத்தாவின் அனுபவம் தக்க சான்றாகும்.

சணல் வயல்களில் பிறந்த முறை

கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியரான பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-ஆம் ஆண்டில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மதிப்பிட 1937-இல் அவர் சிறு அளவில் தொடங்கிய ஆய்வு, 1941-இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. எல்லா வயல்களையும் அளப்பதற்கு மாறாக, சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்யப்பட்ட நிலப்பகுதிகள் மட்டுமே அளக்கப்பட்டன. ஒரே பகுதியில் தனித்தனியே எடுக்கப்பட்ட இரு மாதிரிகளை இரு குழுக்கள் ஆராய்ந்தன. முடிவுகள் பெரிதும் வேறுபட்டால், களப்பணியில் நேர்ந்த பிழையைத் தேட வழி கிடைத்தது. இவ்வனுபவமே 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கு அடித்தளமாயிற்று.

வகுப்பறையில் செயல்முறை

இதே முறையைப் பள்ளியிலும் கையாளலாம். 600 மாணவர் பயிலும் பள்ளியில், வகுப்பின் இரு குழுக்கள் தனித்தனியே சீட்டுக் குலுக்கி 30 பெயர்களை எடுக்கட்டும். அம்மாணவர் பள்ளிக்கு வர ஆகும் சராசரி நேரத்தைக் கணக்கிடட்டும். இரு விடைகளும் சிறிது வேறுபடும். இவ்வேறுபாடு ஏன் என்ற வினாவே நிகழ்தகவுக்கு வாயிலாகும். மாதிரியை நான்கு மடங்காக, அதாவது 120 ஆகப் பெருக்கினால், எதிர்பார்க்கத்தக்க பிழை ஏறத்தாழப் பாதியாகக் குறைவதையும் மாணவர் காண்பர்.

அடுத்து, பேருந்து நிறுத்தத்தில் நிற்போரை மட்டும் வினவச் செய்யலாம். நடந்து வருவோர் விடுபடுவதால் விடை ஒருபக்கம் சாயும். எத்துணைப் பேரைக் கேட்பினும் இச்சாய்வு நீங்காது. எண்ணிக்கை பெரிதாயிருப்பதாலேயே மதிப்பீடு சரியாகிவிடாது என்பதே இப்பாடத்தின் தலையாய படிப்பினை.

திட்டவிலக்கமும் நிகழ்தகவுப் பரவல்களும் இதன் பின்னரே இடம்பெறுதல் நலம். தேர்விலும் கணக்கீட்டுக்கு மட்டுமன்றி, விவரம் திரட்டிய முறையை ஆராய்வதற்கும் மதிப்பெண் ஒதுக்குதல் வேண்டும். விளைச்சல், வேலைவாய்ப்பு, நுகர்வு பற்றிய அரசின் மதிப்பீடுகளுள் பல மாதிரி ஆய்வின் வழியே பெறப்படுகின்றன. அவற்றைக் கண்மூடி ஏற்காமலும் காரணமின்றி ஒதுக்காமலும் எடைபோடும் திறன், நாளைய அலுவலருக்கும் குடிமகனுக்கும் இன்றியமையாதது.