மொட்டை மாடி மின்சாரம்: மானியம் உண்டு, லாபம் யாருக்கு?

புது தில்லி: வீட்டு மொட்டை மாடியில் சூரிய மின்தகடுகளைப் பொருத்தினால் மின் கட்டணச் சுமை நீங்கும் என்கிறது மத்திய அரசு. ஆனால், அதனால் யாருக்கு லாபம் என்பதை வெயிலைவிட மின் கட்டண விகிதமே தீர்மானிக்கிறது.

2022-க்குள் மேற்கூரைகளில் 40 ஆயிரம் மெகாவாட் சூரிய மின்திறனை நிறுவ 2015-இல் இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. அதில் நான்கில் ஒரு பங்குகூட எட்டப்படவில்லை. இந்நிலையில், 2026-27-ஆம் நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகளில் மின்தகடுகளைப் பொருத்த, ரூ.75,021 கோடியில் "பிரதமரின் சூரிய வீடு" திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 2025 மார்ச்சில் பயன்பெற்ற வீடுகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது.

3 கிலோவாட் அமைப்புக்குத் திட்டத் தொடக்கத்தின்போது கணக்கிடப்பட்ட செலவு ஏறத்தாழ ரூ.1.45 லட்சம். மத்திய அரசின் மானியம் ரூ.78,000 போக, வீட்டு உரிமையாளர் செலுத்த வேண்டியது ரூ.67,000. மாதம் சுமார் 300 யூனிட் மின்சாரம் கிடைக்கும். யூனிட்டுக்கு ரூ.5 மிச்சமானால் ஆண்டுக்கு ரூ.18,000, நான்கு ஆண்டுகளுக்குள் முதலீடு திரும்பிவிடும். தகடுகள் 25 ஆண்டுகள் வரை உழைக்கும். இடையில் இன்வெர்ட்டரை மாற்ற நேரிடலாம்.

ஆனால், தில்லியில் கணக்கு வேறு. மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு 2019 முதல் கட்டணமே இல்லை. அத்தகைய குடும்பத்துக்கு மின்தகடுகளால் கட்டணத்தில் மிச்சமாவது எதுவுமில்லை. 400 யூனிட்டைத் தாண்டிச் சலுகையை இழக்கும் வசதியான குடும்பத்துக்கோ முழு லாபம். இந்த முரண்பாட்டைக் களையவே, 3 கிலோவாட் வரையிலான அமைப்புகளில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.3 ஊக்கத்தொகை வழங்கும் கொள்கையை தில்லி அரசு 2024-இல் அறிவித்தது.

நடைமுறைச் சிக்கல்களும் உள்ளன. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டை மாடி பொதுச் சொத்து. வாடகைதாரருக்கோ அதில் உரிமையே இல்லை. தில்லியின் தூசி படிந்தால் உற்பத்தி குறையும் என்பதால் தகடுகளை அடிக்கடி கழுவ வேண்டும். மேலும், மின்கலம் இல்லாத அமைப்பு, மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். பழுது பார்ப்பவர்களின் பாதுகாப்புக்காக இந்த ஏற்பாடு.

மின் விநியோக நிறுவனங்களுக்கும் கவலை உண்டு. அதிகக் கட்டணம் செலுத்தும் நுகர்வோர் பகலில் மின்சாரத்தைத் தந்துவிட்டு, இரவில் அதே அளவைத் திரும்பப் பெறுகின்றனர். கம்பிகளையும் மின்மாற்றிகளையும் பராமரிக்கும் செலவு குறைவதில்லை. வருவாய் குறைந்தால், அந்தச் சுமை மாடி இல்லாதவர்களின் கட்டணத்தில்தான் ஏறும்.

சூரியன் எல்லோருக்கும் பொதுவானது. மொட்டை மாடி அப்படியல்ல. ஒரு கோடி வீடுகள் என்ற இலக்கில் சொந்தக் கூரை இல்லாதவர்களுக்கும் இடமளிப்பதே அரசுகளின் முன் உள்ள சவால்.