சைக்கிளில் சரக்கெடுக்கும் அன்பர்கள் கவனத்திற்கு

அருப்புக்கோட்டை பஜாரில் மொத்தக் கடை வைத்திருப்பவர்களுக்குச் சைக்கிள் சத்தம் புதிதல்ல. திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் பெட்டிக்கடை, பலசரக்குக் கடை நடத்தியவர்கள் விடிந்ததும் சைக்கிளில் கிளம்பி வந்து, சிட்டையைக் கொடுத்து, சரக்கைக் கட்டிக்கொண்டு உச்சி வெயிலுக்கு முன் ஊர் திரும்புவார்கள். இப்போது முக்கால்வாசிப் பேர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வாங்கிவிட்டார்கள். ஆனாலும் நம் கடைக்கு மட்டும் ஏழெட்டுப் பேர் இன்றும் சைக்கிளில்தான் வருகிறார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நாமும் வெகுகாலம் வீட்டிலிருந்து கடைக்குச் சைக்கிள் மிதித்தவர்கள் என்பதால் இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் பாரம். நம் ஊர் சைக்கிளே சுமார் 20 கிலோ இருக்கும். அதன் கேரியரில் 50 கிலோ சீனி மூட்டையை அப்படியே ஏற்றி, மேலே எண்ணெய் டின்னையும் வைத்துக் கட்டுகிறார்கள். இது பெரிய தவறு. பாரம் முழுவதும் பின் சக்கரத்துக்குப் பின்னால் சரிந்தால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். உயரத்தில் பாரம் இருந்தால் சிறு பள்ளத்தில் இறங்கினாலும் சைக்கிள் சாயும். மூட்டையை இரண்டாகப் பிரித்து, கேரியரின் இரு பக்கமும் சம எடையாகத் தாழத் தொங்கவிட வேண்டும். புளி, வெல்லம் போன்ற கனமான சில்லறைச் சரக்கைப் பையில் போட்டு பாரில் மாட்டலாம். அப்பளம், ஊதுபத்தி, பிஸ்கட் மட்டும் மேலே. நாமே ஒரு முறை அவசரத்தில் நல்லெண்ணெய் டின்னை மேலே கட்டிப் போய், ரயில்வே கேட் அருகில் கவிழ்த்துவிட்டு நின்றோம். எண்ணெய் போனதைவிட, வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்ததுதான் இன்னும் நினைவில் இருக்கிறது.

அடுத்தது காற்று. திருச்சுழி நமக்குக் கிழக்கே இருக்கிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது, வருகிறவருக்கு எதிர்காற்று, ஆனால் சைக்கிள் வெறுமை. திரும்பும்போது பாரம் உண்டு, காற்று முதுகைத் தள்ளும். நிலமும் கிழக்கே லேசாகத் தாழ்ந்துதான் போகிறது. குண்டாறு அந்தப் பக்கம் ஓடுவதே சாட்சி. ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு தலைகீழ். பாரத்தோடு வாடையை எதிர்த்து மிதிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அகலமான மூட்டை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். ஆகவே அந்த மாதங்களில் அவசரப்பட்டு மிதிப்பதால் லாபமில்லை. சரக்கை இரண்டு நடையாக எடுப்பது நல்லது. நாம் மொத்தக் கடைக்காரர்களும் 'குறைந்தது இத்தனை எடுத்தால்தான் இந்த விலை' என்று அவர்களிடம் பிடிவாதம் பிடிக்கக் கூடாது. சிட்டை ஒன்று, எடுப்பது இரண்டு தடவை என்று வைத்துக்கொண்டால் போயிற்று.

மழையில் ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது. பாரம் வேறு தள்ளும். முன்கூட்டியே லேசாகப் பிடித்து விட்டு, ரிம்மைக் காயவைத்துக்கொண்டே போக வேண்டும்.

நம் பக்கத்துத் தனி உபத்திரவம் சீமைக் கருவேல முள். கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு அது பிழைப்பு, சைக்கிள்காரனுக்கு அது பஞ்சர். நடுவழியில் முள் தைத்துக் காற்று மெதுவாக இறங்கினால் உடனே பிடுங்காதீர்கள். முள்ளே அடைப்பாக நின்று கொஞ்ச தூரம் கொண்டு போய்ச் சேர்க்கும். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒடிந்த முனை உள்ளே இருந்தால் வீடு போவதற்குள் மறுபடியும் பஞ்சர்தான். பாரம் ஏற்றும் நாளில் பின் டயரில் காற்று கல் மாதிரி இருக்க வேண்டும். குறைந்தால் பள்ளத்தில் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும்.

பழைய சைக்கிளைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சைக்கிளுக்கு 12 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். உதிரி பாகங்களுக்கும் அப்படியே. கடைக்காரர் பழைய கணக்கில் பில் போட்டால் கேளுங்கள்.

சைக்கிளும் வியாபாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதுக்கோட்டையே உதாரணம். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் தாங்களே காய்கறியைச் சைக்கிளில் வைத்து ஊர் ஊராக விற்கத் தொடங்கினார்கள். நம் பக்கத்திலும் பஸ் போகாத ஊருக்கு உப்பும் தீப்பெட்டியும் போய்ச் சேர்ந்தது சைக்கிளில்தான்.

கடைசியாக, இதை எழுத வைத்த காரணம். நம் வாடிக்கையாளர் ஒருவர் போன மார்கழியில் இருட்டோடு கிளம்பி வரும்போது பின்னால் வந்த வண்டி இடித்து, நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிந்தது. சைக்கிளில் சிவப்பு வில்லை இல்லை. மூன்று மாதம் கடை பூட்டிக் கிடந்தது. அந்த ஊரில் வேறு கடை கிடையாது. சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லை, ஆகவே ஒன்றும் கிடைக்காது என்றே அவர் வீட்டில் நினைத்திருந்தார்கள். அது சரியல்ல. இடித்த மோட்டார் வண்டி தெரிந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சைக்கிள்காரரும் வழக்குப் போடலாம். வண்டி எதுவென்று தெரியாமல் போனாலும் மத்திய அரசின் திட்டம் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடந்த விபத்துகளுக்குப் பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய், உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். முதலில் போலீஸில் புகார் பதிவாக வேண்டும். பிறகு மருத்துவச் சான்றுகளோடு தாலுகா அல்லது கோட்ட அளவிலான வருவாய் அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். அவருக்கு நம் கடைக் கணக்கப்பிள்ளை மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சிவப்பு வில்லையும் ஒட்டும் ஒளிர் பட்டையும் வாங்கி நம் கடைக் கல்லா அருகில் வைத்திருக்கிறோம். சைக்கிளில் சரக்கெடுக்க வருபவர்களுக்குக் காசு வேண்டாம். மூட்டை மறைக்காத இடமாகப் பார்த்து, மட்கார்டின் அடியில் நம் பையனே மாட்டிக் கொடுப்பான்.