பிலடெல்பியா நகரமும் பிள்ளைகளின் உடற்பருமனும்

மிகுதியாக உண்பதே உடற்பருமனுக்குக் காரணம் என்பர். அது பாதி உண்மையேயாகும். ஐக்கிய அமெரிக்க நாடுகளில் 2017 தொடக்கம் 2020 வரை நிகழ்ந்த தேசிய ஆய்வின்படி, இரண்டு முதல் பத்தொன்பது வயது வரையுள்ள வெள்ளையருள் நூற்றுக்கு 16.6 பேரும், ஆபிரிக்க அமெரிக்கருள் நூற்றுக்கு 24.8 பேரும் உடற்பருமன் உடையோராய்க் காணப்பட்டனர். ஒரு நாட்டுப் பிள்ளைகளுள் ஒரு சாரார்க்கு மட்டும் நாவடக்கம் குறைந்துவிட்டது என்று கூறுதல் அறிவுக்குப் பொருந்தாது. காரணத்தைப் பிள்ளையின் வாயிலன்று, அது வாழும் தெருவிலே தேடுதல் வேண்டும்.

பிலடெல்பியாவில் அவ்வாறு தேடியோர் பலர். வசதிபடைத்த வெள்ளையர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த காலத்தில் பெரிய உணவுக் கடைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில் எஞ்சியவை மூலைக்கடைகளே. பழங்கள் அழுகும், சீனிப் பானமும் பொரித்த கிழங்கும் அழுகா. கடைக்காரர் எதை வைத்திருப்பர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. 1992 இல் தோன்றிய ‘பூட் றஸ்ற்’ என்னும் அமைப்பு இக்குறையை எடுத்துரைத்து வாதாடியது. அதன் பயனாக, 2004 இல் பென்சில்வேனியா மாநிலம் இத்தகைய இடங்களில் உணவுக் கடைகள் அமைப்பதற்கு மூன்று கோடி டொலர் ஒதுக்கியது. ஆயினும், புதிய கடை திறக்கப்பட்ட ஒரு பகுதியை ஆராய்ந்து 2014 இல் வெளியிடப்பட்ட முடிவு மனங்கொள்ளத்தக்கது: நல்லுணவு எட்டும் தூரத்துக்கு வந்ததென மக்கள் உணர்ந்தனர், ஆனால் அவர்கள் உண்ட பழமும் காய்கறியும் கூடவில்லை, உடற்பருமனும் குறையவில்லை. விலையும் விளம்பரமும் பழக்கமும் முன்போலவே இருந்தன.

பாடசாலைகளில் நிலை சற்று வேறு. 2004 இல் நகரப் பாடசாலைகளிலிருந்து சீனிப் பானங்கள் அகற்றப்பட்டன. வேறு சீர்திருத்தங்களும் தொடர்ந்தன. 2006–07 இல் நூற்றுக்கு 21.5 ஆக இருந்த மாணவர் உடற்பருமன் 2009–10 இல் 20.5 ஆயிற்று. குறைவு சிறிதே, எனினும் ஆபிரிக்க அமெரிக்க ஆண்பிள்ளைகளிடம் அது கூடுதலாக நிகழ்ந்தமை கருதத்தக்கது.

எஞ்சியது விலை. மேயர் நட்டர் 2010 இலும் 2011 இலும் உடல்நலத்தை முன்னிறுத்திச் சீனிப் பானங்களுக்கு வரிவிதிக்க முயன்று தோற்றார். அவர்பின் வந்த மேயர் கென்னி உடல்நலத்தைப் பெரிதும் பேசவில்லை. வரிப்பணத்தில் பாலர் வகுப்புகள் திறக்கப்படும், பூங்காக்களும் நூலகங்களும் திருத்தப்படும் என்றார். ஏழைகளின் சுமையைப் பெருக்கும் வரி இது என செனற்றர் பேணி சான்டர்ஸ் எதிர்த்தார். அவ்வெதிர்ப்பை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. ஏழையிடம் பெறும் பணம் ஏழையின் தெருவுக்கே மீளும் என்பதே ஆதரித்தோரின் விடை. 2016 இல் அவ்விடை வென்றது. சீனியற்ற செயற்கை இனிப்புப் பானங்கள்மீதும் வரி விழுந்தமை, நோக்கம் வருவாயே என்பதைக் காட்டும்.

அவுன்சுக்கு ஒன்றரைச் சதமான அவ்வரி 2017 சனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு மாநில உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. முதலாண்டில், நகர எல்லையைத் தாண்டிச் சென்று வாங்கியவற்றைக் கணக்கிட்ட பின்னும், பெருங்கடைகளில் இப்பானங்களின் விற்பனை நூற்றுக்கு 38 குறைந்ததென ஆய்வாளர் கண்டனர்.