மேட்டில் கழலும் காற்றுக்குழாய்

சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போகும் நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாயில் பழுதாகி நின்றுவிடும் லாரிகளைக் கட்டியிழுத்துச் செல்லும் மீட்பு வண்டியொன்றை நடத்திவரும் வாசகர் ஒருவர், தமக்கு நேர்ந்துவரும் தொல்லையை விவரித்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். சரக்கோடு நிற்கும் லாரியைப் பின்னால் மாட்டிக்கொண்டு மேடேறும்போது படீரென்று ஒரு சத்தம் கேட்கிறதாம். மறுகணமே இழுவை பாதிக்கும் கீழே போய்விடுகிறதாம். இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தால் காற்றை அமுக்கும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வாய் கழன்று கிடக்கிறதாம். கிளாம்பை முறுக்கி இறுக்கிவிட்டுப் போனால் சில நாள் ஓடுகிறது. பிறகு இன்னொரு பாரத்தோடு இன்னொரு மேட்டில் மறுபடியும் அதே சத்தம். உதிரிபாகக் கடைக்காரர் நீல நிறச் சிலிகான் ஹோஸ் ஒன்றைக் காட்டி, ஐந்து அடுக்கு கொண்ட இது ஆயுளுக்கும் கழலாது, மைலேஜும் கூடும் என்று சொல்கிறாராம். வாங்கலாமா என்பது அன்பரின் கேள்வி.

நெய்த துணியை அடுக்கடுக்காக உள்ளே வைத்து வார்த்த சிலிகான் ஹோஸ் நல்ல பொருள்தான். உஷ்ணத்தைச் சாதாரண ரப்பரைவிட அதிகம் தாங்கும். ஆனால் ஹோஸ் வீங்கிக் கிழிவது ஒரு கோளாறு, கிழியாமலே வாய் நழுவிக் கழல்வது முற்றிலும் வேறொரு கோளாறு. அடுக்குகளின் எண்ணிக்கை முதலாவதற்கு மருந்தாகுமேயன்றி இரண்டாவதற்கு ஆகாது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. மைலேஜைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடலாம்: காற்றுக் கசிந்துகொண்டிருந்த ஹோஸை மாற்றினால் கசிவு நின்ற அளவுக்கு டீசல் மிச்சமாகும், கசியாத ஒன்றை எடுத்துவிட்டுக் கசியாத இன்னொன்றை மாட்டுவதால், அது எந்த நிறத்தில் இருந்தாலும், இஞ்சினுக்கு யாதொரு லாபமும் இல்லை.

பாரமிழுக்கும் டீசல் இஞ்சினில் டர்போ, வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ வரை கூடுதல் அழுத்தத்தை ஏற்றிவிடுவது அபூர்வமல்ல. கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றலாம்; லாரி டயரில் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அடைக்கிறோம். ஆனால் விசை என்பது அழுத்தத்தையும் பரப்பையும் பெருக்கி வருவதாகையால், ஏழரை சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்வாயின் பரப்பு 44 சதுர சென்டிமீட்டர் என்ற கணக்கில், அந்த வாயைப் பிடித்துத் தள்ளும் விசை ஏறக்குறைய 88 கிலோ ஆகிறது. விட்டத்தை ஆறேகால் சென்டிமீட்டராகக் குறைத்தால் இது 61 கிலோவுக்கு இறங்கிவிடும். காற்று தாராளமாகப் போகட்டும் என்று பெரிய குழாய் போடுகிறவர்கள், விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டும்போது கழற்றும் விசையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கைக் கூட்டிக்கொள்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த விசை எங்கே பிறக்கிறது என்பதும் ஆராயத்தக்கது. நேரான ஹோஸுக்குள் அழுத்தம் பக்கச் சுவர்களைத்தான் தள்ளுகிறது. எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், நீளவாக்கில் அதை நகர்த்துவதற்குக் காற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை. குழாய் வளைகிற இடத்தில்தான், வளைவின் வெளிச்சுவர் உட்சுவரைவிட விஸ்தாரமாக இருப்பதால், ஈடுகட்டப்படாத ஒரு தள்ளுதல் மிஞ்சுகிறது. செங்கோணமாகத் திரும்பும் முழங்கை ஹோஸில் அது, நாம் சொன்ன அளவுகளுக்கு, மூலையின் வெளிப்புறம் நோக்கி ஏறக்குறைய 125 கிலோ. அந்த வளைவு உலோகத்தாலானதாக இருந்து இஞ்சினோடோ சட்டத்தோடோ போல்ட்டால் பிணைக்கப்பட்டிருந்தால், அந்த விசையை போல்ட் தாங்கிக்கொள்ளும்; இடையிலுள்ள நேரான ரப்பர்த் துண்டுக்குக் காற்றை வெளியே விடாமல் காக்கிற வேலை மட்டுமே எஞ்சும். வளைவே ரப்பராக இருந்தாலோ, பிணைப்புப் பட்டி உடைந்து உலோகக் குழாய் அந்தரத்தில் தொங்கினாலோ, முழு விசையும் ஹோஸின் வாயில் வந்து விழுகிறது. பலமுறை கழலும் வண்டிகளில் கிளாம்பைக் குற்றம் சொல்லுமுன் உடைந்துபோன அந்தச் சிறு பட்டியைத் தேடிப் பார்ப்பது உத்தமம்.

இதை எதிர்த்து நிற்பது எது? முதலில் உராய்வு. கிளாம்பின் பட்டையில் 100 கிலோ இழுவிசை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது வட்டமாகச் சுற்றியிருப்பதால் ஹோஸைக் குழாயின்மேல் மொத்தமாக அமுக்கும் விசை, அதில் 2π மடங்கு, அதாவது 628 கிலோ. உலர்ந்த ரப்பருக்கும் உலோகத்திற்கும் இடையே உராய்வு இந்த அமுக்கத்தில் பாதி என்று அடக்கமாகக் கொண்டாலும் 314 கிலோ வரை பிடி இருக்கிறது. 88 கிலோ அதை அசைக்காது. ஆனால் இஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக வரும் எண்ணெயாவியை டர்போ உறிஞ்சி இந்தக் குழாய்களுக்குள் அனுப்புகிறது. அந்த எண்ணெய் மெல்லிய படலமாக ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவே ஊர்ந்து புகுந்து உராய்வை அமுக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கு இறக்கிவிட்டால், மிஞ்சும் பிடி 63 கிலோ. அதே கிளாம்ப், அதே இறுக்கம். ஆயினும் முன்பு தேவையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்த பிடி இப்போது தேவைக்குப் போதவில்லை.

இங்கேதான் எனக்கு மிகப் பிரியமான ஒரு சூக்ஷ்மம் வருகிறது. நல்ல குழாயின் வாயருகே, விளிம்புக்குச் சற்று உட்புறமாக, சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் உயரத்திற்கு ஒரு மேடு எழுப்பப்பட்டிருக்கும். பார்க்கிறவர்கள் அதைத் தயாரிப்பின்போது நேர்ந்த தழும்பு என்றே எண்ணுவார்கள். இந்த விளிம்பு மேடு செய்யும் காரியத்தை உணர வேண்டுமானால், கையில் கண்ணாடி வளையல் போட்டிருப்பவரைப் பார்த்தால் போதும். வளையல் கையிலிருந்து விழாமல் இருப்பது அது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருப்பதாலா? இல்லை, மணிக்கட்டில் அது தளர்வாகவே சுழல்கிறது. வெளியேற வேண்டுமானால் மணிக்கட்டைவிட அகலமான கைமுட்டிகளைத் தாண்டியாக வேண்டும், அதற்கு வளையல் விரிய வேண்டும், கண்ணாடி விரியாது, அவ்வளவுதான் விஷயம். கிளாம்பே வளையல், விளிம்பு மேடே கைமுட்டி. ஹோஸைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு உட்பக்கமாக அமர்ந்திருக்கும் கிளாம்ப், மேட்டைக் கடந்து வெளியே வர வேண்டுமானால், நடுவில் சிக்கும் ரப்பர் விலகி இடம் கொடாதவரை, அதன் விட்டம் 4 மில்லிமீட்டர் பெருக வேண்டும். சுற்றளவில் பன்னிரண்டரை மில்லிமீட்டர், அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு. எஃகுப் பட்டையோ ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நீண்டதுமே நிரந்தரமாக உருக்குலையத் தொடங்குவது. ஆகவே உராய்வு எவ்வளவு என்ற நிச்சயமற்ற பிரச்சினை, எஃகு அறுந்துபோகுமா என்ற நிச்சயமான பிரச்சினையாக மாறிவிடுகிறது.

ரப்பரும் இதற்குத் துணைசெய்கிறது. ரப்பர் நசுங்கிச் சுருங்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் கனபரிமாணம் குறைவதில்லை, ஓரிடத்தில் அமுக்கினால் இன்னோரிடத்திற்கு விலகுகிறது, அவ்வளவே. காற்று ஹோஸை வெளியே இழுக்கும்போது கிளாம்புக்கும் மேட்டின் தோளுக்கும் நடுவே ரப்பர் திரண்டு ஆப்பாகிறது. இழுவை கூடக்கூட ஆப்பு இறுகுகிறது. கழற்ற வரும் விசையையே பிடித்துக்கொள்ளும் விசையாக மாற்றும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. இதெல்லாம் கிளாம்ப் மேட்டுக்கு உட்பக்கம் இருந்தால்தான். அவசரத்தில் கிளாம்பைச் சரியாக மேட்டின் உச்சியிலேயே மாட்டி, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது பாருங்கள் என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. கைமுட்டியின்மேலேயே சிக்கி நிற்கும் வளையல் எந்தப் பக்கம் நழுவும் என்று யார் சொல்ல முடியும்?

வளையல்காரர் சிறிய வளையலைப் பெரிய கையில் ஏற்றுவதற்குச் சோப்பு நுரையைத் தடவுகிறார் அல்லவா? நம் குழாயில் எண்ணெய் செய்யும் வேலை அதே. அவர் கையைக் குவித்து எலும்புகளை ஒன்றுசேர்த்து முட்டியைக் குறுகச் செய்கிறார். உஷ்ணம் ரப்பருக்கு அதைச் செய்கிறது. 30 டிகிரியில் உள்ளே வரும் காற்றை மூன்று மடங்கு அழுத்தத்திற்குச் சுருக்கும்போது, டர்போவின் திறன் நூற்றுக்கு 72 என்று கொண்டால், அது 185 டிகிரி வரை சூடேறி வெளிவருகிறது. சிலிகான் எஃகைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரிவடையும் பொருள். சூட்டில் விரிய இடமில்லாமல் கிளாம்புக்குள் சிக்கிய சிலிகான், பட்டையின் இருபுறமும் பிதுங்கி வழிந்து, நாளடைவில் அந்த வடிவத்திலேயே நிலைத்துவிடுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது கிளாம்புக்கும் ஹோஸுக்கும் நடுவே தளர்வு பிறக்கிறது. காலையில் மெக்கானிக் இன்னும் இரண்டு சுற்று இறுக்குகிறார், அது இன்னும் ஆழமாகப் பதிகிறது, மறுநாளும் தளர்கிறது. கை சுருங்கினால் வளையலும் தானாகச் சுருங்கும் ஏற்பாடு ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றினால், அதுவும் இருக்கிறது: போல்ட்டில் கனத்த ஸ்பிரிங் ஒன்றைக் கோத்த டி-போல்ட் கிளாம்ப். ரப்பர் விரிந்தால் ஸ்பிரிங் ஒடுங்கும், ரப்பர் சுருங்கினால் ஸ்பிரிங் நீண்டு பட்டையை இழுத்துப் பிடிக்கும். அன்பர் பணம் செலவழிக்க விரும்பினால் நீல நிறத்தைவிட இந்த ஸ்பிரிங்குக்குச் செலவழிக்கலாம். ஆனால் வளையலுக்குக் காற்றை அடைத்து வைக்கும் பொறுப்பு இல்லையாகையால் அது தளர்வாக இருந்தாலும் பாதகமில்லை; கிளாம்புக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

சரித்திரம் கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: புகைபோக்கியில் வீணாகும் சக்தியைக் கொண்டு காற்றை அமுக்கி இஞ்சினுக்கு ஊட்டும் யோசனைக்கு ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905-இல் காப்புரிமை பெற்றார். பழுதான வண்டியை இழுக்கும் மீட்பு வண்டியை அமெரிக்காவில் சட்டனூகா நகரத்து எர்னஸ்ட் ஹோம்ஸ் 1916-இல் அமைத்தார். திருகினால் இறுகும் ஜூபிலி கிளிப்பை பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய லம்லி ராபின்சன் 1921-இல் பதிவுசெய்தார்.

இனி அன்பர் செய்ய வேண்டியதற்கு வருவோம். கழன்ற ஹோஸை அப்படியே திரும்ப மாட்டக் கூடாது. குழாயின் வெளிப்புறத்தையும் ஹோஸின் உட்புறத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து உலரவிட்ட பிறகே மாட்ட வேண்டும். அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளில் கனத்த டிரெய்லர் இழுப்பவர்கள், தலைமுடியைப் படியவைக்கும் ஸ்பிரேயை ஹோஸின் வாய்க்குள் அடித்து ஈரத்தோடே மாட்டிவிடுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது ஹோஸ் எளிதில் ஏறுகிறது, உலர்ந்தபின் அதிலுள்ள பிசின் பற்றிக்கொள்கிறது. இதில் அறிவியலுக்கு முரணானது எதுவுமில்லை; ஆயினும் அடியில் எண்ணெய் இருந்தால் பிசினும் எண்ணெயின்மேல்தான் ஒட்டும். சிலிகான் ஹோஸே வாங்குவதானால், உட்சுவரில் ஃபுளோரோசிலிகான் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். வெறும் சிலிகான் சூடான எண்ணெயில் நாளடைவில் ஊறிப் பலவீனமாகிவிடும். குழாயின் வாயில் மேடு இல்லையென்றால், லேத் பட்டறையில் கொடுத்து, குழாய் எஃகானால் மெல்லிய கம்பியொன்றைச் சுற்றிலும் வெல்டிங் செய்து கூர்முனை இல்லாமல் தேய்த்துத் தரச் சொல்லலாம். ஐந்து அடுக்கு ஹோஸைவிட இதற்கு ஆகும் செலவு சொற்பம், பயனோ பெரிது.

அதற்கும் மேலாக ஒன்று. இன்டர்கூலர் சட்டத்தோடு பிணைந்தது. இஞ்சின் ரப்பர்ப் பொதிகளின்மேல் உட்கார்ந்திருப்பது. பாரத்தோடு மேடேறும்போது ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இஞ்சின் பக்கவாட்டில் புரள்கிறது. இரண்டையும் இணைக்கும் ஹோஸ் ஒவ்வொரு முறையும் இழுபட்டு, எண்ணெய் படிந்திருந்தால் மயிரிழை மயிரிழையாக வாயை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. படீரென்ற சத்தம் ஒரு கணத்தில் கேட்டாலும், கழலும் காரியம் பல நாட்களாக நடந்துகொண்டிருந்தது. பொதிகள் நைந்துபோயிருந்தால் புரளல் இன்னும் அதிகமாகும். ஆகையால் இஞ்சின் மவுண்டிங்குகளைச் சோதித்து, தேவையானால் மாற்றி, பிறகு ஹோஸை மாட்டியவுடன் அதன் விளிம்பை ஒட்டிக் குழாயின்மேல் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவைக்க வேண்டும். அடுத்த சில பாரங்களுக்குப் பிறகு விளக்கடித்துப் பார்த்து, கோட்டுக்கும் ஹோஸுக்கும் நடுவே வெறும் உலோகம் தெரிந்தால், கணவாய்க்குப் போகுமுன்பே பட்டறைக்குப் போய்விடலாம்.