சிறுதொழிலுக்கு வெப்சைட்: கட்டுபடியாகும் டிசைனரைத் தேடும் முறை

வெப்சைட் போட்டுத் தரும் டிசைனர்களின் கூலிக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. ஒரே தொழிலுக்கு ஒருவர் எட்டாயிரம் ரூபாய் கேட்பார், இன்னொருவர் எண்பதாயிரம் கேட்பார். இருவரில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. என்ன வேலை வேண்டும் என்பதைத் தொழில் செய்பவர் தெளிவாகச் சொல்லாதபோது, அவரவர் ஊகத்துக்கு ஏற்பக் கொட்டேஷன் வருகிறது. ஆகவே ஆளைத் தேடும் முன் வேலையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பவானியில் ஜமக்காளம் நெய்து விற்பவரை எடுத்துக்கொள்ளலாம். வெளியூர் வாடிக்கையாளர் அவரிடம் கேட்பது அளவு, நிறம், விலை, எத்தனை நாளில் வரும் என்பவை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்கள், முகவரி, வாட்ஸ்அப் பட்டன், புவிசார் குறியீடு பற்றி ஒரு பத்தி என நாலைந்து பக்கங்களில் இது முடிந்துவிடும். வெப்சைட்டிலேயே பணம் வாங்க வேண்டும் என்றால் கதை வேறு. பேமென்ட் கேட்வேயின் கமிஷன், கூரியர் கட்டணக் கணக்கு, திருப்பி அனுப்பும் சரக்கு எல்லாம் சேர்ந்துகொள்ளும். தொழிலின் பெயர், முகவரி, புகாரைக் கவனிக்கும் அலுவலர், ரிட்டர்ன் விதிகள் ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் சொல்கின்றன. மாதத்துக்குப் பத்து ஆர்டர் வரும் கடைக்கு முதல் வருடமே இந்தச் செலவு தேவையில்லை.

டிசைனர் பயன்படுத்தும் மூலப்பொருட்களில் பெரும்பாலானவை இலவசம். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இலவசம். அதன்மேல் கடை நடத்த உதவும் வூகாமர்ஸும் இலவசம். வெப்சைட்டின் இணைப்பைப் பாதுகாப்பானதாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் காசில்லாமல் தருகிறது. கொட்டேஷனில் எஸ்எஸ்எல்லுக்குத் தனியாக ஒரு தொகை இருந்தால் ஏன் என்று கேட்கலாம். ஆண்டுதோறும் கட்டியே தீர வேண்டியவை டொமைனும் ஹோஸ்டிங்கும்தான். இவை முதல் ஆண்டு தள்ளுபடியில் கிடைக்கும், புதுப்பிக்கும்போது ஏறும். எனவே பேரம் பேச வேண்டியது இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை வைத்து. டிசைனர் ஜிஎஸ்டி பதிவு செய்தவரானால் 18 சதவீதம் சேரும். அதைத் திரும்பப் பெற வழியில்லாத சிறு வியாபாரிக்கு அது முழுச் செலவு.

உண்மையான நஷ்டம் பெரும்பாலும் கூலியில் வருவதில்லை, உரிமையில் வருகிறது. மலிவாகச் செய்து தருபவர் டொமைனைத் தன் மெயில் ஐடியில், தன் செல்போன் எண்ணில் பதிவு செய்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. வீட்டை ஒருவர் கட்டி, பட்டா இன்னொருவர் பெயரில் இருப்பதைப் போன்ற நிலை இது. இரண்டு வருடம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போய் எண்ணையும் மாற்றிவிட்டால், புதுப்பிக்கும் நினைவூட்டலும் ஓடிபியும் யாருக்கோ போகும். விசிட்டிங் கார்டிலும் பெட்டியிலும் அச்சடித்த முகவரி ஒருநாள் திறக்காது. டொமைனைத் தொழில் செய்பவரே தன் பெயரில் வாங்கி, டிசைனருக்கு வேலைக்கான அனுமதியை மட்டும் தருவது சரியான முறை. அரை மணி நேர வேலைதான்.

பதிப்புரிமையிலும் கவனம் தேவை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து செய்து தருபவரின் நிரலும் எழுத்தும், எழுதி மாற்றித் தராத வரை அவருடையவையே. மாற்றித் தரும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு பக்க ஒப்பந்தத்திலாவது “நிரந்தரமாக, எல்லா நாடுகளுக்கும்” என்ற சொற்கள் இருக்க வேண்டும். நல்ல டிசைனர் இதற்குத் தயங்க மாட்டார்.

ஆள் கிடைப்பது கடினமல்ல. அதே ஊரில் நல்ல வெப்சைட் வைத்திருக்கும் வியாபாரியைக் கேட்பது எந்த விளம்பரத்தையும்விட நம்பகமானது. பல வெப்சைட்டுகளின் அடியில் செய்தவர் பெயர் இருக்கும். அவர் முன்பு செய்த வேலைகளைச் செல்போனில், சாதாரண சிக்னலில் திறந்து பார்க்க வேண்டும். கூகுளின் பேஜ்ஸ்பீடு கருவி வேகத்தை இலவசமாக அளந்து சொல்லும். பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம், “பிரச்சினை வந்தால் போனை எடுக்கிறாரா?” என்று கேட்டுவிட வேண்டும்.

தமிழில் வெப்சைட் வைப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிடிபி கடைகளில் நோட்டீஸ் அடிக்கும் தமிழ் பல இடங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் இருக்கிறது. அதை அப்படியே வெப்சைட்டில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். சிலர் அதற்குப் பதில் நோட்டீஸையே படமாக்கிப் போட்டுவிடுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருந்தாலும், “பவானி ஜமக்காளம்” என்று தமிழில் தேடுபவருக்கு அந்தக் கடை அகப்படுவது அரிது. எல்லாத் தமிழும் யூனிகோடில், எழுத்தாகவே இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் அட்வான்ஸ், மாதிரி பார்த்தபின், ஒப்படைத்தபின் என மூன்று தவணையாகப் பிரிப்பது இரு தரப்புக்கும் நியாயம். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் டொமைன், ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் மூன்றிலும் சொந்தப் பாஸ்வேர்டைப் போட்டு, சொந்தச் செல்போனுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.