கடைசித் தாளுக்கும் அதே பங்கு

முந்நூற்றுநாலு என்னும் சீட்டாட்டத்தை ஆடுகையில் தாளை முதலில் வாங்குகிறவருக்கே ஜாக்கி விழும் வாய்ப்பு அதிகம் என்று தம் கூட்டாளிகள் சாதிப்பதாகவும், அதில் உண்மையுண்டோ என்றும் இறுப்பிட்டியிலிருந்து அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். ஜாக்கி 30, ஒன்பது 20, ஆசு 11 என்று தொடங்கி ஓரினத்துக்கு 76 ஆகும் கணக்கைத் தீவகத்தாருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

தாயக்கட்டையில் முன் விழுந்தது பின் விழுவதைப் பாதியாது. சீட்டுக்கட்டிலோ எடுத்த தாள் திரும்பி வராதாகையால், ஒவ்வொரு தாளும் எஞ்சியவற்றின் கணக்கை மாற்றிவிடுகிறது. முதல் நான்கு தாளில் ஜாக்கியே வராதிருக்க 28/32, 27/31, 26/30, 25/29 ஆகியவற்றைப் பெருக்கினால் ஏறக்குறைய 57 சதவீதம். ஒன்றேனும் வருவது 43 சதவீதம்.

இனி, என் மனத்தை நெடுங்காலமாக ஆட்கொண்டிருக்கும் விசித்திரத்துக்கு வருகிறேன். முதல் தாள் ஜாக்கியாக இருப்பதற்கு 4/32, அதாவது 1/8. இரண்டாவது தாளுக்கு? முதலாவது ஜாக்கியானால் 3/31; அன்றேல் 4/31. முன்னது நேர 1/8, பின்னது நேர 7/8 ஆதலின், இரண்டையும் உரியபடி பெருக்கிக் கூட்டினால் 31/248. அதுவும் அதே 1/8! கட்டின் அடியிற் கிடக்கும் முப்பத்திரண்டாவது தாளுக்கும் இதுவே நியதி. எங்கள் குடும்பக் காணியைத் திருவுளச்சீட்டால் பங்கிட்டபோது, கிணற்றடித் துண்டு முதலிற் சீட்டெடுக்கும் மூத்தவருக்கே போகுமென்று இளையவர்கள் மனம் புழுங்கினார்கள். இந்தக் கணிதம் தெரிந்திருந்தால் அந்த மனத்தாங்கலுக்கு இடமே இருந்திராது.

பணயம் வைத்துக் குடும்பத்தைக் கெடுக்கும் சூதை நானும் வெறுக்கிறேன். ஆயினும் அதன் பொருட்டுச் சீட்டுக்கட்டையே தீண்டத்தகாததாக்கி, நிகழ்தகவை நாணயம் சுண்டுவதோடு நிறுத்திவிடுவது நம் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநியாயம். பாஸ்காலும் பெர்மாவும் 1654-இல் கடிதம் எழுதி இச்சாஸ்திரத்துக்கு அடிகோலியது, பாதியில் நின்ற ஓர் ஆட்டத்தின் பணயத்தைப் பங்கிடும் வழக்கை ஆராய்ந்தபோதுதானே! ஆசிரியர்கள் முந்நூற்றுநாலையே வகுப்புக்குக் கொண்டுபோகலாம்.

உதாரணமாக, முதல் நான்கு தாளில் துரும்பின் ஜாக்கி உங்களிடம் இருக்கிறது, ஒன்பது இல்லை என்று கொள்வோம். காணாத தாள்கள் 28. அவற்றுள் உங்களுக்கு இனி வருபவை நான்கு, கூட்டாளிக்குரியவை எட்டு. ஆகவே அவ்வொன்பது உங்கள் பக்கம் சேர்வதற்கு 12/28, அதாவது 3/7. எதிராளிகள் கேள்வியே கேளாதிருக்கும் மட்டும், அது அவர்கள் கையிற் கிடப்பதற்கே 4/7 உண்டென்று கொண்டு உங்கள் கேள்வியைக் கேட்க வேண்டும்.